ஒரு போத்தல் நல்ல தண்ணீர்

அக்காவுக்கு அந்தக் காணி நிலைக்க வேண்டும். எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய அந்த ஒரு வருடம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. காலையில் பல் விளக்கும்போது அது, பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது அது, கோயிலில் செபமாலை உருட்டும்போதும் அதுதான். காணி நிலைத்தால் அக்கா இந்த நாட்டில் இருப்பாள். நிலைக்காவிட்டால் இந்தியாவுக்குக் கப்பல்.

எங்கள் அப்பா இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தவர். அக்காவைக் கட்டிக் கொடுத்த வீட்டில் இந்தியாவுக்கு எழுதியிருந்தார்கள். அதனால் ஒரே வயிற்றில் பிறந்த நாங்கள் இருவரும் இரண்டு நாட்டுக்காரிகள் ஆகிவிட்டோம். அத்தானுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. அவர் அதை வாங்கித் தகரப் பெட்டியின் அடியில், கல்யாணச் சேலைக்குக் கீழே வைத்து மூடிவிட்டார். அடுத்து வந்த இனக் கலவரத்தில் அவர்கள் இருந்த தோட்டத்து வரிசை வீடாகிய லயம் எரிந்தது. திரும்பவும் தேயிலைத் தோட்டத்துக்குப் போக அவருக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு குடும்பங்களோடு சேர்ந்து கிழக்குக் கரைக்குப் போய், மகாவலி கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் பற்றைக்காட்டை வெட்டி ஆளுக்கு அரை ஏக்கர் பிடித்தார்கள். கச்சான் கடலை போட்டார்கள், மரவள்ளி நட்டார்கள். கையில் காணி உறுதிப் பத்திரம் கிடையாது. யாராவது போ என்று சொன்னால் போகத்தான் வேண்டும். பெட்டிக்கு அடியில் இருப்பதைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம்.

நான் மலைநாட்டில், ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்கள். பெரியவர் தலைமையாசிரியர், மீதி வேலையெல்லாம் நான். பள்ளிக்கூடத்துக்குக் கீழே ஓர் ஓடை. அது சரிவில் இறங்கி, வேறு ஆறுகளோடு கலந்து, கடைசியில் மகாவலியில் சேரும். அக்கா வீட்டு வாசலில் ஓடும் தண்ணீரில் எங்கள் தண்ணீரும் கொஞ்சம் இருக்கும் என்று சொல்லி நானும் அவளும் கடிதத்தில் சிரித்துக்கொள்வோம்.

அந்தச் சிரிப்பில்தான் வினை தொடங்கியது. அக்கா இருந்த கரையில் ஒரு விஞ்ஞான மாஸ்டர் இருந்தார். அந்த ஊர்க்காரர், மீன்பிடிக் குடும்பம். குடாவில் கடற்புல் அழிந்துகொண்டு வருகிறது, இறால் குஞ்சு தங்குவதில்லை, நண்டு வலை வெறுமையாக வருகிறது என்று மீனவர்கள் புலம்புவதைக் கேட்டுக்கேட்டு, இதை ஒழுங்காக அளந்து பார்த்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பல்கலைக்கழகத்து ஆட்களை நம்பி உட்கார்ந்திருக்காமல், தோணிக்காரர்களையே பிடித்து வேலையில் இறக்கினார். வெள்ளை எனாமல் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்குவார்கள். தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பாகக் கணக்கில், விரித்த இரு கை நீளத்தை ஒரு பாகமாக வைத்து, குறிப்பார்கள். தண்ணீர் தெளிவாக இருந்தால் ஆழத்தில் மறையும். மண் கலந்திருந்தால் சீக்கிரமே காணாமல் போய்விடும். புல் இருக்கும் இடத்தையும் கம்பு நட்டு அடையாளம் வைத்து மாதாமாதம் பார்த்தார்கள்.

கடலைப் பார்த்தால் மட்டும் போதாது, ஆற்றையும் பார்க்க வேண்டும் என்று அவர் ஆற்றோரம் நெடுக ஆட்களைத் தேடியபோது, அக்கா முந்திக்கொண்டு, “என் தங்கச்சி டீச்சரு. ஆத்தோட தலையிலதான் இருக்கா” என்று சொல்லியிருக்கிறாள். அக்கா மூன்றாம் வகுப்போடு நின்றவள். என்னைப் பற்றி யாரிடமாவது பெருமை பேச ஓர் இடம் கிடைத்தால் விடமாட்டாள்.

மாஸ்டரிடமிருந்து எனக்கு ரோணியோவில் உருட்டிப் பிரதி எடுத்த தாள் ஒன்று வந்தது. நான் அதை இன்றைக்கும் பார்க்காமலே சொல்வேன். “வாரம் ஒருமுறை, திங்கட்கிழமை காலை, ஆற்றின் நல்ல தண்ணீரை ஒரு வெள்ளைக் கண்ணாடிப் போத்தலில் நிரப்பி, ஒரு நாள் அசையாமல் வைத்து, அடியில் தங்கும் மண்ணை அடிமட்டத்தால் அளந்து, எத்தனை கோடு என்று தபாலட்டையில் எழுதி அனுப்பவும்.” அவ்வளவுதான். பிள்ளைகள் கோடு கிழிக்கும் அடிமட்டமே போதும். எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் எனக்குத் தெரிந்த மூன்று பள்ளிக்கூடங்களுக்கு அதே தாளைக் கையால் பிரதி எடுத்து அனுப்பி, அவர்களையும் சேர்த்துக்கொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

மலையில் ஒரு வீட்டில் இரண்டு குடம் இருக்கும். ஒன்று நல்ல தண்ணிக்கு, மற்றது புழங்குவதற்கு. பீலியில் விழுகிற தண்ணீரை, அது மூங்கிலானாலும் குழாயானாலும், அப்படியே குடிக்கலாம். ஆனால் ஓடைத் தண்ணீரை யாரும் அப்படியே நல்ல தண்ணிக் குடத்தில் ஊற்றமாட்டார்கள். தெளிய வைத்து, மேலாக இறுத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டின பிறகுதான் அதற்கு அந்தப் பெயர் வரும். இதெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்த விசயம் இல்லை. எழுதுகிற அளவுக்குப் பெரிய விசயமும் இல்லை.

ஓடைக்கரை சறுக்கும், அட்டையும் அதிகம். ஆகவே போத்தல் நிரப்பும் வேலையை நான் மேல் லயத்துச் சின்னம்மாவிடம் கொடுத்தேன். சொந்தச் சின்னம்மா இல்லை. கொழுந்து எடுக்கிற அம்மா, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில் ஓடையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலையே ஒரு வாளி அள்ளிக்கொண்டு போய், படிகாரக் கட்டியை இரண்டு சுற்றுச் சுற்றி, விடிந்ததும் வடிகட்டி, பளபளவென்று போத்தலில் கொண்டுவந்து தருவார். முதல் வாரமே, “இவ்வளவு கஷ்டப்படணுமா சின்னம்மா?” என்று கேட்டேன்.

“கடக்கர ஆளுங்க கேட்டிருக்காங்க டீச்சரம்மா. மண்ணோட குடுத்தா நம்மள என்னான்னு நெனப்பாங்க?” என்றார்.

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நம்முடைய குடிதண்ணீரில், இவ்வளவு சுத்தம் செய்த பிறகும், எத்தனை மண் மிஞ்சுகிறது என்று அளக்கிறார்கள் என்றே நான் நினைத்தேன். விஞ்ஞானம் என்றால் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியாததைத் தேடுவது என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன். படித்தவளுக்கு விளக்கத்துக்கா பஞ்சம்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மழை கொட்டியது. ஆறாம் நம்பர் மலையில் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று வைக்க நிலத்தை வெறுமையாக்கியிருந்தார்கள். அந்தச் சரிவு முழுக்க மழையில் கரைந்து ஓடையில் இறங்கியது. நான் தினமும் பாலத்தின் மேல் நின்று அந்தச் செம்மண் தண்ணீரைப் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்கூடம் போனேன். போய், ஜன்னல் திட்டில் இருந்த போத்தலை அளந்து, தபாலட்டையில் என் அழகான கையெழுத்தில் “மண் இல்லை” என்று எழுதினேன். சில வாரம் “அரைக் கோடு.” இரண்டும் என் கண்தான் பார்த்தது. ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

மாதம் ஒருமுறை மாஸ்டர் எல்லோருடைய அளவையும் ஒரே தாளில் போட்டு எல்லோருக்கும் அனுப்புவார். மேலே மலைப் பள்ளிக்கூடங்கள் நான்கு, நடுவில் ஆற்றோரத்து ஊர்கள் இரண்டு, கீழே குடா. எங்கள் நான்குக்கும் நேராக எப்போதும் பூச்சியம், அரை, பூச்சியம். குடாவில் தட்டு முதலில் இரண்டு பாகத்தில் மறைந்தது, பிறகு ஒன்றரை, தை மாதம் ஒரு பாகத்துக்கும் குறைவு. நட்ட கம்புகளைச் சுற்றிப் புல்லின் மேல் மண் படிந்துவிட்டது, பாதிக் கம்புகளில் புல்லே இல்லை என்று அடியில் குறிப்பு. எனக்கு அந்தக் கடலை நினைத்து வருத்தமாக இருந்தது. அதே நேரம் எங்கள் பூச்சியங்களைப் பார்த்துப் பெருமையாகவும் இருந்தது. தாளைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினேன். மற்ற மூன்று பள்ளிக்கூடங்களைவிட எங்களுக்குப் பூச்சியம் கூட என்று பிள்ளைகளிடம் சொன்னதும் நான்தான்.

மாசி மாதத் தாளில் மாஸ்டர் ஒரு வரி சேர்த்திருந்தார்: “மண் மலையிலிருந்து வரவில்லை. நடு ஊர்களில் அளவு ஒழுங்காக எடுக்கப்படவில்லை. ஆற்று முகத்துக்கு அருகில் தேட வேண்டும்.” அதைப் படித்துவிட்டு நான் ஒன்றும் நினைக்கவில்லை. ஆற்று முகத்துக்கு அருகில் என் அக்கா இருக்கிறாள் என்பது எனக்கு எப்படி மறந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

சித்திரை பிறந்து இரண்டாவது வாரம் அக்காவின் கடிதம் வந்தது. அவளே எழுதியது, பேசுகிற மாதிரியே எழுதுவாள். தபால்காரர் கையிலிருந்து வாங்கி, நின்றபடியே படித்தேன்.

“தங்கச்சிக்கு அக்கா எழுதுறது. நாங்க காடு வெட்டுனதாலதான் மண்ணு சரிஞ்சி கடலு கெட்டுப்போச்சின்னு சொல்றாங்க. மீன்காரங்க எல்லாரும் மனு குடுத்திருக்காங்க. காணிக் கந்தோரு ஆபீசுல இருந்து எடத்த விட்டு எழும்பச் சொல்லி நோட்டீசு வந்திருக்கு. வர்ற மாசம் மொத வெள்ளிக்கெழம கூட்டம். மலைத்தண்ணி கண்ணாடி மாரி இருக்குன்னு கார்டக் காட்டுறாங்க. நான் பாத்தேன். ஒன் கையெழுத்து. ஒங்க அத்தான் பெட்டியத் தொறந்து பாத்துட்டு மூடுறாரு.”

வகுப்புக்குள் போய் உட்கார்ந்தேன். பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். போடட்டும் என்று விட்டுவிட்டேன். முதலில் வந்தது கோபம்தான். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். நான் ஒழுங்காக அளந்ததற்கு அக்கா மேல் ஏன் பழி விழ வேண்டும்? பொய்யாகவா எழுத முடியும்? பன்னிரண்டு குடும்பம் கொத்திய நிலத்தால் ஒரு குடா முழுக்க மண்ணாகுமா? மாஸ்டருக்குக் காரசாரமாக ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். ஆனால் எழுத எழுத, அவர் பக்கம் இருக்கிற ஒரே சாட்சி என் அட்டைகள்தான் என்பது தெரிந்தது. என் அட்டையை எதிர்த்து நானே என்ன எழுதுவது? கிழித்துப் போட்டேன்.

அன்று மாலை அக்கா கடிதத்தின் பின்பக்கத்தைத்தான் நிதானமாகப் படித்தேன். அதில் வழக்கமான வீட்டுச் சங்கதி. பிள்ளைக்குச் சளி, ஆடு குட்டி போட்டது. அதற்குக் கீழே, “கெணத்துல உப்புத் தண்ணி. ஆத்துக்குப் போயி கலங்குன நல்ல தண்ணியத்தான் கொண்டாரோம்” என்று ஒரு வரி.

கலங்கின நல்ல தண்ணி. அக்காவுக்குக் கரைக்குப் போய்த் தமிழ் கெட்டுவிட்டது என்று சிரிப்பு வந்தது. கலங்கினால் அது எப்படி நல்ல தண்ணி? திரும்பவும் படித்தேன். உப்புத் தண்ணி, நல்ல தண்ணி. நாங்கள் உப்புத் தண்ணீரைக் கண்ணால் கண்டவர்கள் இல்லை. கடல்கரையில் உப்பு இல்லாதது எல்லாமே நல்ல தண்ணி. சேறாக ஓடினாலும் நல்ல தண்ணி. மாஸ்டர் கேட்டது ஆற்றுத் தண்ணீரை, அது ஓடுகிறபடியே. நாங்கள் ஏழு மாதமாக அனுப்பியது படிகாரம் போட்டு வடிகட்டிய எங்கள் மரியாதையை.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் திங்களும் இல்லை ஒன்றும் இல்லை. மத்தியான மழை விட்டதும் நானே ஓடையில் இறங்கினேன். அட்டை கடித்தது, கடிக்கட்டும். போத்தலை அப்படியே முக்கி எடுத்து, ஜன்னல் திட்டில் வைத்தேன். அடுத்த நாள் அதே நேரம் அளந்தபோது அடிமட்டத்தில் பதினெட்டுக் கோடு. ஏழு மாதத்தில் நான் எழுதிய எல்லாவற்றையும் கூட்டினாலும் அவ்வளவு வராது. வலப்பனை பஸ்ஸில் போய் எங்களுக்குக் கீழே இருந்த பள்ளிக்கூடத்து மாஸ்டரைப் பிடித்து, போத்தலை எப்படி நிரப்பினீர்கள் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது.

“நல்ல தண்ணின்னு நீங்கதானே எழுதி அனுப்பினீங்க? எங்க வீட்டுலேயே வடிச்சி, சுட வச்சில்ல குடுத்தாங்க?” என்றார்.

சுடவும் வைத்தார்களாம். மற்ற இரண்டு பள்ளிக்கூடங்களுக்கும் ஆள் அனுப்பிக் கேட்டதில் அங்கேயும் அதே கதை. நான்கு பள்ளிக்கூடம், ஏழு மாதம், ஒரு பைத்தியக்காரிகூடத் தண்ணீரைத் தண்ணீராக அனுப்பவில்லை. எல்லாவற்றிலும் என் கையெழுத்துப் பிரதி.

கரைக்குத் தந்தி கொடுத்தேன்: “மலை அளவு பிழை. மண் உண்டு. கூட்டம் நிறுத்தவும்.” பதில் இல்லை. கூட்டத்துக்கு ஆறு நாள் இருந்தது. நான்கு ஓடைகளிலும் புதிதாக எடுத்த நான்கு போத்தல்களை ஒரு கொழுந்துக் கூடையில் வைக்கோல் வைத்து அடுக்கினேன். தலைமையாசிரியர் லீவு தர மூக்கால் அழுதார். “டீச்சர் போறது தண்ணியத் தூக்கிக்கிட்டா?” என்று ஊரெல்லாம் கேட்டது. சின்னம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் முகம் செத்துப்போனது. “நாந்தான் கெடுத்துட்டேனா டீச்சரம்மா?” என்றார். இல்லை சின்னம்மா, என் படிப்புதான் கெடுத்தது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

பஸ்ஸில் நுவரெலியா, அங்கிருந்து கண்டி. கண்டியில் ஒரு தூரத்து உறவில் தங்கி, மறுநாள் விடிய திருகோணமலை பஸ். கலவரத்துக்குப் பிறகு தனியாக அவ்வளவு தூரம் நான் போனதே இல்லை. யார் ஏறினாலும் முகத்தைப் பார்ப்பேன், இறங்கினால் மூச்சு விடுவேன். கண்டக்டர் கூடைக்குள் எட்டிப் பார்த்து என்ன இது, கசிப்பா, கள்ளச் சாராயமா என்று சிங்களத்தில் கேட்டான். “மட வத்துர” என்றேன். சேற்றுத் தண்ணீர்தான், வேறொன்றுமில்லை. பஸ்ஸே சிரித்தது. சேற்றுத் தண்ணீருக்கும் டிக்கெட் எடுக்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். நானும் சிரித்தேன், ஆனால் கை இரண்டும் கூடையை விடவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் பஸ் தூக்கிப் போட்டபோது தக்கை கழன்றுவிடுமோ, போத்தல் உடைந்துவிடுமோ, நேரத்துக்குப் போய்ச் சேர்வேனோ என்று பயந்தேன். போத்தல் உடைந்தால் என் வாய்ச்சொல்லை யார் நம்புவார்கள்? ஏழு மாதம் எழுத்தில் பொய் சொன்னவள் நான்.

திருகோணமலையிலிருந்து லாஞ்சி ஏறிக் குடாவைக் கடந்தேன். அதுவரை தாளில் மட்டுமே பார்த்த கடல். கரையை நெருங்க நெருங்க நீலம் மாறி, பழுப்பாகி, எங்கள் ஓடையின் நிறத்துக்கே வந்துவிட்டது. எனக்கு அந்த நிறம் தெரியும். ஆறாம் நம்பர் மலை அங்கே மிதந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் தொடங்கியிருந்தது. உள்ளே காணி அதிகாரி, மாஸ்டர், நாற்பது ஐம்பது மீனவர்கள். வெளியே மரத்தடியில் மலைக்காரக் குடும்பங்கள், கூப்பிட்டால் போக நின்றார்கள். அக்கா அந்தக் கூட்டத்தில் இருக்கிறாளா என்று பார்க்கக்கூட நிற்காமல் கூடையோடு உள்ளே போனேன். மாஸ்டருக்கு என்னைத் தெரியாது. மலைப் பள்ளிக்கூடத்து டீச்சர் என்று சொன்னதும், “தந்தி கிடைச்சது. ஆனா விளங்கல்ல” என்றார்.

போத்தல்களை மேசையில் வைத்தேன். வழியெல்லாம் குலுங்கி வந்த தண்ணீர் நான்கிலும் செம்மண்ணாக நின்றது. நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். இரண்டு குடம், படிகாரம், வெள்ளைத் துணி, சுட வைத்தது, எல்லாம். சொல்லி முடித்ததும் முன்வரிசையில் இருந்த வயதான சம்மாட்டி ஒருவர், தோணிகளுக்குச் சொந்தக்காரர், எழுந்தார்.

“ஏழு மாசமா படிகாரத் தண்ணியையா அளந்த நீங்க?” என்றார்.

மண்டபம் சிரித்தது. எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் அந்தக் கிழவர் சிரிக்கவில்லை. போத்தல் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாஸ்டர் தன் பழைய தாளை எடுத்துத் தானே வாசித்துப் பார்த்தார். “நல்ல தண்ணி எண்டுதான் எழுதியிருக்கன். நாங்க கடல்காரர். உப்பு இல்லாட்டி நல்ல தண்ணிதானே” என்று யாருக்கும் இல்லாமல் சொன்னார். அவர் முகம் என் முகத்தைவிட மோசமாக இருந்தது. அதற்குப் பிறகு மீனவர்களுக்குள் வாக்குவாதம். அப்படியென்றால் இந்த மண் மலையிலிருந்து வருகிறது, மலையில் யாரிடம் போய்க் கேட்பது, தோட்டம் அரசாங்கத்தினுடையது, அரசாங்கத்துக்கா மனுக் கொடுப்பது என்று கிழவர் கேட்டார். அவர்களுடைய புல் போனது போனதுதான். எனக்கு அப்போது அவர்களைப் பற்றி நினைக்க இடம் இருக்கவில்லை. அளவு சரியாகத் திரும்ப எடுத்து முடிக்கும்வரை யாரையும் எழுப்பக் கூடாது என்று அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டதை மட்டும் பார்த்தேன். போட்ட உடனே வெளியே ஓடினேன்.

அக்கா மரத்தடியில் நின்றாள். மெலிந்து, கறுத்து, இடுப்பில் பிள்ளையோடு. கையைப் பிடித்துக்கொண்டு, “எழும்ப வேணாம்க்கா. நோட்டீச நிப்பாட்டிட்டாங்க” என்றேன். மற்றக் குடும்பங்கள் சுற்றி வந்து கேட்டார்கள், ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்கா அழவில்லை. பக்கத்தில் நின்ற அத்தானைப் பார்த்தாள்.

“தேதி எடுத்தாச்சி” என்றார் அத்தான்.

எனக்கு விளங்கவில்லை. என்ன தேதி என்று கேட்டேன்.

“நோட்டீசு வந்த மறுநாளே பாஸ்போட்ட எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். இருவது நாள்ல தலைமன்னாருல கப்பலு. ஆட்ட வித்தாச்சி. காணிய விட்டுட்டேன்னு எழுதியும் குடுத்துட்டேன்.”

போய்ச் சொல்லித் திருப்பலாம், மாஸ்டரே கூட வருவார், நானும் வருகிறேன் என்று படபடவென்று பேசினேன். என்னென்ன பேசினேன் என்றே தெரியவில்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். என்மேல் அவருக்குக் கோபமே இல்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

“தண்ணில மண்ணு இல்லைன்னு போகச் சொன்னாங்க. இன்னைக்கி மண்ணு இருக்குன்னு இருக்கச் சொல்றாங்க. நாளைக்கி என்னா சொல்லுவாங்கன்னு நீ சொல்ல முடியுமா தங்கச்சி?” என்று கேட்டார். “இப்பிடி அளந்து பாத்து அளந்து பாத்து எத்தன நாளைக்கி இருக்கிறது?”

இருபது நாளும் நான் அங்கேயே இருந்துவிடவில்லை. திரும்பிப் போய்ப் படிப்பித்தேன். ஒவ்வொரு திங்களும் நானே ஓடையில் இறங்கிப் போத்தல் முக்கி, மண்ணை மண்ணாக எழுதி அனுப்பினேன். கடைசியில் தலைமன்னாருக்குப் போகிற ரயிலில் அவர்களை ஏற்றிவிட ஸ்டேஷனுக்குப் போனேன். தகரப் பெட்டி பாரமில்லாமல் இருந்தது. அத்தான் பிள்ளைகளை ஏற்றி உட்கார வைத்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் நின்று, வழியெல்லாம் மனதில் பாடமாக்கி வந்த மன்னிப்பை அக்காவிடம் சொல்லத் தொடங்கினேன். என்னால்தான் போகிறீர்கள், நான் ஒரு சொல்லைச் சரியாகக் கேட்டிருந்தால் என்று தொடங்கி அழுதுவிட்டேன்.

அக்கா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி என் மூக்கைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

“என்னாத்துக்குடி அழுவுற? ஊராளுங்க நல்ல தண்ணி குடுன்னு கேட்டிருக்காங்க. மண்ணையா குடுப்ப? நானா இருந்தாலும் வடிச்சித்தான் குடுத்திருப்பேன்” என்றாள்.

ரயில் போய்விட்டது. அவள் அன்றைக்கு என்னை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருந்தால், இத்தனை வருடத்தில் எனக்கு எப்போதோ ஆறியிருக்கும்.